காற்று வாசிக்கும் தோட்டம்: ஆடிக்காற்று ஊர்க்காரனின் முழு வழிகாட்டி

நான் இருப்பது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில். மேற்கு மலைத்தொடர் பாலக்காட்டுக் கணவாயில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு வாய் திறந்து கிடக்கிறது. வைகாசிக் கடைசியில் அதன் வழியே கிளம்பும் காற்று புரட்டாசி வரை எங்களை விடாது. கேத்தனூர், பூளவாடிப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. இப்படிப்பட்ட ஊரில், கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய எட்டுக் குழாய்க் காற்றுமணியை ஆனி மாதத்தில் திண்ணைக்கு மேல் மாட்டினேன். மூன்றாம் நாள் காலை, பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "தம்பி, ராத்திரி பூரா சலங்கை கட்டுன மாடு தலைமாட்டுலயே சுத்துற மாதிரி இருக்குதுங்க. கொஞ்சம் பாருங்க" என்றார்.

எனக்கும் இரண்டு இரவாகத் தூக்கமில்லை. வாங்கிய காசுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மணியைக் கழற்றி வைத்த பிறகுதான் ஒன்று புரிந்தது. காற்றில் ஓசை எழுப்புவது எளிது. எதைக் கட்டித் தொங்கவிட்டாலும் எழும். அந்த ஓசை எப்போது நிற்க வேண்டும், இரண்டு ஒலிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்வதுதான் வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றியே வருகின்றன.

முதல் படி: ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள்

பழைய சேலையைக் கிழித்து ஒரு முழ நீளக் கீற்றுகளாக்கி, ஐந்தாறு குச்சிகளின் நுனியில் கட்டித் தோட்டத்தில் ஆங்காங்கே நடுங்கள். சுவர் மூலை, கிணற்றடி, மரத்தடி, மாடிப்படி ஓரம், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடம் ஆகியவை கட்டாயம். காலை, உச்சி, மாலை, இரவு என நாலு வேளை சுற்றி வந்து எது ஆடுகிறது, எந்தத் திசைக்கு ஆடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீற்று அசையாத இடத்தில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். துணிக்குத் தெரியாத காற்று புகைக்குத் தெரியும்.

வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கு தென்றல், கிழக்கு கொண்டல், மேற்கு கோடை என்று நாலு திசைக் காற்றுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. உங்கள் வீட்டுக்கு இவற்றில் எது வருகிறது என்பதை ஊர் தீர்மானிக்கும். சென்னையில் வெயில் காலத்துப் பிற்பகலில் கடற்காற்று நுழையும். எங்களுக்கு ஆடியில் மேற்கு, மார்கழியில் கிழக்கு. சுவர் மூலைகளில் காற்று திரும்பும்போது வேகம் பிடிக்கும். மாடியில் தரையைவிட எப்போதும் கூடுதல்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். 1805-இல் பியூபோர்ட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி வகுத்த அளவுமுறை இன்றும் கண்ணுக்குப் போதும். முகத்தில் காற்று படுகிறது, இலை சலசலக்கிறது என்றால் மணிக்கு 6 முதல் 11 கி.மீ. இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. புழுதி கிளம்பித் தாள் பறந்தால் 20 முதல் 28. முதல் நிலையில் உங்கள் மணி பேச ஆரம்பிக்க வேண்டும், மூன்றாவதில் வாயை மூட வேண்டும். இந்த இரண்டு எல்லைகளை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் எடுக்கும் எல்லா முடிவும் சுலபம்.

இரண்டாம் படி: இலைகளைக் கேளுங்கள், பிறகு நடுங்கள்

உலோகத்துக்குப் போகும் முன் மரம் என்ன வாசிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான தோட்டங்களில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். தென்னை இருந்தால் மழை வருகிற ஓசை இருக்கிறது. நடுச்சாமத்தில் அதை நம்பிக் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடியவர்கள் நிறையப் பேர். வாழை இலை கிழியக் கிழியப் படபடப்பு மென்மையாகும். பனை கரகரவென்று அதட்டும், அதன் சலசலப்புக்கு அஞ்சாத நரி பழமொழியில் மட்டும்தான். அரசிலைக்கு நீளமான காம்பு என்பதால் மற்ற மரம் எல்லாம் அசையாமல் நிற்கும்போதும் அது நடுங்கும். ஓசைக்காக மட்டும் பார்த்தால் அரசுக்கு இணையில்லை. ஆனால் அதை வீட்டுத் தோட்டத்தில் வைக்காதீர்கள், வேர் சுவரைப் பிளந்துவிடும். கோயில் மேடையில் போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

சவுக்கின் ஓசை வேறு ரகம். அங்கே எதுவும் எதன் மேலும் மோதுவதில்லை. மெல்லிய ஊசிகளைக் காற்று கடக்கும்போது பின்பக்கம் சுழல்கள் மாறி மாறிக் கழன்று போகின்றன. அந்தத் துடிப்புதான் "உய்" என்ற ஊதல். காற்றின் வேகத்தை ஊசியின் பருமனால் வகுத்து அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் ஒலியின் அதிர்வெண் கிடைக்கும். 1 மி.மீ. பருமனில் விநாடிக்கு 5 மீட்டர் காற்று பட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 1000 அதிர்வுகள். மின்கம்பி தடிமனாக இருப்பதால் தாழ்ந்த குரலில் முனகுகிறது. இடம் இருந்தால் மேற்கு எல்லையில் நாலைந்து சவுக்கு வையுங்கள். காற்றின் வேகத்தையும் அது வடிகட்டும், ஆடியில் அதற்காகவே கையெடுத்துக் கும்பிடுவீர்கள்.

காய்களையும் மறக்க வேண்டாம். காற்று அலைக்க வாகையின் வெண்ணெற்று (காய்ந்து வெளுத்த காய்) ஒலிப்பதை, கயிற்றின் மேல் ஆடும் கூத்தருக்குக் கொட்டும் பறைக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 7-ஆம் பாட்டு. பங்குனி வெயிலில் காய்ந்த வாகையடியில் நின்றால் அந்தப் பறை இன்றும் கேட்கும். வாகைக்கு இடமில்லாதவர்களுக்குக் கிலுகிலுப்பைச் செடி இருக்கிறது. இடுப்புயரம்தான் வளரும். காய் முற்றிக் காய்ந்ததும் உள்ளே விதை கழன்று, தொட்டாலே கிலுகிலுக்கும். அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். ஆடு மாடு மேயும் இடத்தில் மட்டும் வேண்டாம், அவற்றுக்கு நஞ்சு.

மூங்கில் வைப்பதானால் குத்தாக வளரும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கழை கழையோடு உரசும் கிரீச் சத்தம் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு அடிவயிற்றைக் கலக்கும். எனக்கு இரண்டாவது; குத்தை நடுவில் கயிறு கட்டி இறுக்கி வைத்திருக்கிறேன். வண்டு துளைத்த மூங்கிலில் கோடைக் காற்று புகுந்து குழலிசையாகும் காட்சியைக் கபிலர் அகநானூற்றில் (82) வைத்திருக்கிறார். என் குத்தில் வண்டு துளைத்ததுதான் மிச்சம், இசை இன்னும் வரவில்லை.

மூன்றாம் படி: என்ன பொருள்

சுருக்கமாகச் சொல்கிறேன். அலுமினியம், பித்தளைக் குழாய்கள் ஒருமுறை தட்டினால் நீளமாக ஒலிக்கும். காற்று குறைந்த, ஆளரவம் குறைந்த இடத்துக்கு. மூங்கில் துண்டுகள் "கொடக்" என்று சொல்லி உடனே அடங்கும். காற்று மிகுந்த ஊருக்கு இதுவே முதல் தேர்வு. ராமேஸ்வரம், கன்னியாகுமரியில் விற்கும் சிப்பித் தொங்கல்கள் மெல்லிய சிலுசிலுப்பு, அறைக்குள் சன்னலோரத்துக்குப் பொருத்தம். ஆடியில் ஒரு வாரம் தாங்காது. வெண்கல மாட்டுமணி ஒன்றே ஒன்று, தனியாக, தூரத்தில் தொங்கினால் தோட்டம் அந்தியில் மாடு திரும்பும் களம்போல் ஆகிவிடும். ஐந்தாறு கட்டினால் சந்தை.

கண்ணாடியிலும் இரும்பிலும் சிறு மணி செய்து, நாக்கில் ஒரு தாள் கீற்றைக் கட்டிக் கோடையில் தொங்கவிடுவது ஜப்பானியர் வழக்கம். மணி சொன்னால் காற்று வந்துவிட்டது, இனிக் குளிரும் என்று அவர்கள் மனம் பழகியிருக்கிறது. உங்களுக்கு எந்த ஓசை எதை நினைவூட்டுகிறது என்று யோசித்துப் பொருளைத் தேர்ந்தெடுங்கள். என் மாமாவுக்கு உலோகக் குழாய் ஓசை கேட்டால் பள்ளிக்கூட மணியடித்த பதற்றம் வருகிறது. அவருக்கு மூங்கில்தான் சரி.

நான்காம் படி: குழாய் மணியை நாமே செய்வது

கடை மணிகளில் பல, கண்ணுக்கு வரிசையாக இருக்கட்டும் என்று வெட்டப்பட்டவை, சுருதி தற்செயல். நாமே செய்தால் செலவும் குறைவு. 25 மி.மீ. வெளிவிட்டம், 1.5 மி.மீ. சுவர் உள்ள அலுமினியக் குழாய் 12 அடி நீளத்தில் ஒன்று போதும். சன்னல், தடுப்பு வேலை செய்யும் அலுமினியக் கடைகளில் கேளுங்கள். பிளாஸ்டிக் குழாய் ஒலிக்காது.

எந்தச் சுரங்கள்? காற்று தாளமும் பார்க்காது, வரிசையும் பார்க்காது. எந்த இரண்டு குழாயை வேண்டுமானாலும் சேர்த்து அடிக்கும். அரைச்சுர நெருக்கத்தில் இரண்டு குழாய் இருந்தால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அதனால் ஐந்து சுர ராகங்களிலேயே அரைச்சுர இடைவெளி இல்லாதவற்றை எடுக்க வேண்டும். மோகனம் பகல் வெளிச்சத்துக்கு, இந்தோளம் அந்திக்கு. சிவரஞ்சனி மீது எனக்கு ஆசை அதிகம், ஆனால் அதில் ரிஷபமும் காந்தாரமும் அரைச்சுரத்தில் ஒட்டி நிற்கின்றன. பாடகர் அதைச் சமாளிப்பார், காற்று சமாளிக்காது.

குழாய் குறுக்கே அதிர்வதால் ஒலியின் உயரம் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ். நீளத்தைப் பாதியாக்கினால் நாலு மடங்கு ஏறிவிடும். இரு மடங்கு மட்டுமே ஏற வேண்டிய மேல் சட்ஜத்துக்கு நீளம் 0.707 பங்கு இருந்தால் போதும். 60 செ.மீ. குழாயைச் சட்ஜமாக வைத்து மோகனத்துக்கு நான் வெட்டிய கணக்கு இது. இரண்டாவது எண், மேல் நுனியிலிருந்து துளை போட வேண்டிய தூரம்:

ச: 60.0 செ.மீ., துளை 13.5
ரி: 56.6 செ.மீ., துளை 12.7
க: 53.7 செ.மீ., துளை 12.0
ப: 49.0 செ.மீ., துளை 11.0
த: 46.5 செ.மீ., துளை 10.4
மேல் ச: 42.4 செ.மீ., துளை 9.5

இந்தோளம் வேண்டுமானால் 60.0, 54.8, 52.0, 47.4, 44.7, 42.4. எல்லாத் துண்டும் ஒரே குழாயிலிருந்து வந்தால் போதும், வேறு பருமனாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. மேலே சொன்ன குழாயில் 60 செ.மீ. துண்டு ஏறத்தாழ ஐந்தரைக் கட்டை சுருதியில் (சுருதிச் செயலியில் G#) நிற்கும்.

துளையின் இடத்தில் கவனம். குழாய் அதிரும்போது இரு நுனியிலிருந்தும் நீளத்தில் 22.4 விழுக்காடு தள்ளி இரண்டு இடங்கள் அசையாமல் இருக்கும். அங்கே தொங்கவிட்டால்தான் நாதம் நீளும். நுனியில் துளை போட்டுத் தொங்கவிட்ட குழாயை இதனோடு பக்கத்தில் வைத்துத் தட்டிப் பாருங்கள், ஒன்று "டக்", இன்னொன்று "டிங்ங்ங்". விரல் நுனியால் குழாயைத் தாங்கித் தட்டியும் அந்த இடத்தைத் தேடலாம்.

வெட்டும்போது ஒவ்வொன்றையும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு, பிறகு அரத்தால் இழைத்து இறக்குங்கள். கைபேசியில் சுருதி காட்டும் செயலி ஏதாவது ஒன்று துணைக்கு. லேத் பட்டறைக்காரர் பழக்கமானவர் என்றால் வெட்டும் வேலையை அவரிடம் கொடுத்துவிடலாம், முனை சுத்தமாக வரும். துளையின் ஓரத்தைக் கட்டாயம் மழுங்கடியுங்கள். அந்தக் கூர்தான் நூலை அறுக்கும்.

மேலே 18 செ.மீ. வட்டப் பலகை. அதில் 14 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, அதன் மேல் சம தூரத்தில் ஆறு குழாய்களைத் தொங்கவிடுங்கள். எல்லாக் குழாயின் நடுப்பகுதியும் ஒரே மட்டத்தில் வர வேண்டும்; அதனால் குட்டைக் குழாய்க்கு நூல் நீளம், நெட்டைக் குழாய்க்கு நூல் குட்டை. நெட்டைக்கும் குட்டைக்கும் நூலில் சுமார் 5 செ.மீ. வித்தியாசம் வரும். தூண்டில் நரம்பு பலரும் கட்டுவது, ஆனால் வெயிலில் இரண்டு வருடத்தில் நொறுங்கிவிட்டது எனக்கு. பின்னிய பாலியஸ்டர் நூல் தேவலை.

ஐந்தாம் படி: நாக்கும் வாலும்

மணியின் குணம் இங்கேதான் முடிவாகிறது, குழாயில் அல்ல. நடுவே தொங்கும் அடிகட்டை நாக்கு. அதற்குக் கீழே காற்றைப் பிடிக்கும் தகடு வால். நாக்கு 7 செ.மீ. விட்டமுள்ள மரவட்டம், குழாய்களின் நடுமட்டத்தில். குழாய்க்கும் நாக்குக்கும் இடையே 2 செ.மீ.க்குச் சற்று மேல் இடைவெளி வரும். கட்டை வெறுமையாக இருந்தால் ஓசை பளிச்சென்று இருக்கும். விளிம்பில் பழைய தோல்வாரை ஒட்டினால் குழைந்துவிடும். நான் தோல் ஒட்டியிருக்கிறேன்.

வால்தான் சூட்சுமம். காற்றின் வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. வேகம் நாலு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. பங்குனித் தென்றலில் அழகாக ஒலிக்கும் மணி ஆடியில் வெறி பிடித்ததுபோல் ஆவதன் காரணம் இவ்வளவுதான். ஆகவே இரண்டு வால் செய்யுங்கள். மாசி முதல் சித்திரை வரைக்கும் 10-க்கு 10 செ.மீ. தகடு. காற்றுக் காலத்துக்கு 4-க்கு 4, அதோடு நாக்கின் மேல் ஒரு இரும்பு வளையம் வைத்துக் கனமாக்கிவிடுங்கள். கொக்கியில் மாட்டும்படி செய்தால் மாற்ற அரை நிமிடம்.

எடை சரியா என்று பார்க்க, இலை மட்டும் சலசலக்கிற ஒரு மாலையில் உட்கார்ந்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு ஐந்தாறு தட்டு விழுந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இருபதைத் தாண்டினால் வாலைக் கத்தரியுங்கள். எதுவுமே விழாமல் ஒரு நிமிடம் போய், நீங்கள் மறந்த நேரத்தில் ஒரு பஞ்சமம் (ப) மட்டும் விழ வேண்டும். அந்த அளவுக்கு வரும் வரை கத்தரிப்பதில் தயக்கம் வேண்டாம்.

ஆறாம் படி: எங்கே மாட்டுவது

நீங்கள் உட்காரும் இடத்துக்குத் தலைக்கு மேல் மாட்டாதீர்கள். காற்று வரும் பக்கமாக மூன்று நாலு மீட்டர் தள்ளி, இலைகளுக்குப் பின்னால், கண்ணுக்குப் படாமல் இருந்தால் ஓசை தோட்டத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். தார்சுக் (கான்கிரீட்) கூரைக்கு அடியிலும் இரண்டு சுவர் சேரும் மூலையிலும் எதிரொலித்துப் பெரிதாகும். படுக்கையறைச் சன்னல் அருகே கூடாது, உங்களுடையதும் சரி, பக்கத்து வீட்டாருடையதும் சரி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

ஒரே தோட்டத்தில் இரண்டு வகைக்கு மேல் வேண்டாம். கிணற்றடியில் மூங்கில், தூரத்து வேப்பமரத்தில் குழாய் மணி. நீங்கள் ஓரிடத்தில் நின்றால் இரண்டும் சேர்ந்து கேட்கக் கூடாது. நடக்க நடக்க ஒன்று தேய்ந்து இன்னொன்று வர வேண்டும்.

மூங்கில் துண்டு செய்பவர்களுக்கு ஒரு வரி: ஒரு முனையில் கணு மூடியிருக்க, மறுமுனை திறந்திருக்கும்படி 25 முதல் 35 செ.மீ. வெட்டுங்கள். இரண்டு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினால் மாச்சத்து வெளியேறி, உளுத்துப் போவது குறையும். தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள் பெரியவர்கள். நான் இரண்டு பிறையிலும் வெட்டியிருக்கிறேன், ஊறவைத்தது மட்டும்தான் நின்றது.

ஏழாம் படி, விருப்பமிருந்தால்: விண்

யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கல் காலத்தில் ஏற்றும் பட்டங்களுக்கு விண் பூட்டுவார்கள். வில்லாக வளைத்த கம்பில் இழுத்துக் கட்டிய தட்டையான நாடா, காற்றில் கூவும். அதே வேலையை நம் வயல்களில் பழைய ஒலிநாடா செய்கிறது. இரண்டு குச்சிக்கு நடுவே முறுக்கிக் கட்டினால் விர்ரென்று அதிர்ந்து குருவி விரட்டும். தோட்டத்தில் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையை இரண்டு மீட்டர் நீளத்துக்கு, ஒரு முறுக்கு விட்டுக் கட்டிப் பாருங்கள். இறுக்கினால் குரல் ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஆனால் இது பறவைகளை விரட்டும் என்பதை மறக்காதீர்கள். தேன்சிட்டு வருகிற தோட்டத்தில் நான் கட்டமாட்டேன். ஒரு நாள் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு அவிழ்த்துவிடுவேன்.

இரவும் பராமரிப்பும்

நாக்கின் நூலில் ஒரு சிறு வளையம், பக்கத்துக் கிளையில் ஒரு கொக்கி. இரவு எட்டு மணிக்கு வாலைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டால் மணி ஊமை. மறந்த நாட்களில் அக்கா வேலிப்பக்கம் வந்து, "இன்னைக்கு வாலக் கட்டலீங்களா தம்பி?" என்று கேட்கிறார். இப்போது அது கோபமில்லை, எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்வதுபோல.

ஆடி பிறந்தால் நான் குழாய் மணியைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவேன். அந்த இரண்டு மாதம் சவுக்கும் மூங்கில் துண்டும் போதும். ஆடிப்பட்டத்தில் கிலுகிலுப்பை விதையை வேலியோரம் தூவுகிறேன். ஐப்பசி மழை தொடங்குமுன் மணியை இறக்கிப் பார்த்து, துளையோரம் நூல் தேய்ந்திருந்தால் எல்லா நூலையும் ஒருசேர மாற்றி, பெரிய வாலை எடுத்து வைக்கிறேன். தையில் கிலுகிலுப்பைக் காய் முற்றும். அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கும்போது ஒரு செடியை மட்டும் பறிக்காமல் விட்டுவிடுங்கள். மணிகூட அசையாத காற்றில் அது கிலுகிலுக்கும்.